ஒட்டிக்கொண்டாலும் எரியாத ஹீட் பாக்ஸ்

பீன்யாவில் சின்ன ஷெட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கார்பன் ஃபைபரும் எபாக்ஸி ரெசினும் சேர்த்து ட்ரோன் உதிரிகள் செய்கிறாராம். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்க் குளிருக்கு ரெசின் இறுகாமல் காலையிலும் பிசுபிசுவென்று இருக்கிறது. அதனால் 60 × 45 × 45 செ.மீ. அளவில் ப்ளைவுட் பெட்டி அடித்து, உள்ளே 1000 வாட் ரூம் ஹீட்டர் காயிலையும் பழைய கீசரில் கழற்றிய தெர்மோஸ்டாட்டையும் பொருத்தியிருக்கிறார். வேண்டியது 60 டிகிரி. பெட்டியோ 50க்கும் 75க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. ஆர்டுயினோ என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டை வைத்துச் சொந்தமாக ஒரு கன்ட்ரோலர் செய்தால் சரியாகுமா என்பது கேள்வி.

ஆகும். ஆனால் பதிலில் கன்ட்ரோலர் கடைசியில்தான் வரும். காமாட்சிபாளையாவில் மோட்டார் காயில் கட்டும் கடை எனக்கு. வார்னிஷ் போட்ட வைண்டிங்கைச் சூட்டில் வைத்து எடுக்க இதுவரை மூன்று பெட்டிகள் செய்திருக்கிறேன். முதல் பெட்டி கருகிப்போனது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் பெட்டிக்கு எவ்வளவு சூடு தேவை என்று பார்ப்போம். ஆறு பக்கங்களும் சேர்த்து ஒன்றரை சதுர மீட்டர். வெளியே 22 டிகிரி, உள்ளே 60 என்றால் வித்தியாசம் 38. வெறும் 12 மி.மீ. ப்ளைவுட் என்றால் சுவர் வழியாக 200 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே வெளியேறும். அதே பெட்டிக்கு உள்பக்கம் ஒரு அங்குல ராக்வுல், அதாவது கல்லை உருக்கி இழுத்த பஞ்சு, வைத்து அலுமினியத் தகட்டால் மூடினால் 65 வாட் போதும். கதவு இடுக்கில் கசிவதையும் சேர்த்து 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோகோல் வேண்டாம், 80 டிகிரியை நெருங்கும்போதே சுருங்க ஆரம்பித்துவிடும், தீப்பிடித்தால் உருகிச் சொட்டும்.

80 வாட் கேட்கும் பெட்டிக்குள் 1000 வாட் காயில் இருக்கிறது. ஊஞ்சலுக்குப் பாதிக் காரணம் இதுதான். தெர்மோஸ்டாட் கட் செய்யும் நேரத்தில் காயில் சிவந்து கிடக்கும். கரண்ட் போன பிறகும் அதில் இருக்கும் சூடு வந்துகொண்டேதான் இருக்கும். மீதிப் பாதி அந்த கீசர் தெர்மோஸ்டாட். அது தண்ணீருக்குள் இருக்க வேண்டிய பொருள். காற்றில் தொங்கவிட்டால் நிலவரம் அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். இதற்கு மேல் எவ்வளவு கெட்டிக்கார கன்ட்ரோலரைக் கொண்டுவந்து வைத்தாலும், லாரி எஞ்சினை சைக்கிளில் கட்டிவிட்டு பிரேக்கை மட்டும் மாற்றின கதைதான்.

என் யோசனை 150 வாட். சிரிக்காதீர்கள். ராக்வுல் வைத்த பெட்டியில் 60 டிகிரியைத் தாங்கிப்பிடிக்க அதில் பாதிக்குச் சற்று மேல் போதும். குளிர்ந்த பெட்டி சூடேற முக்கால் மணி நேரம் ஆகும், உள்ளே கனமான அச்சு (மோல்ட்) இருந்தால் இன்னும் ஆகும். எபாக்ஸிக்கு அது நல்லதுதான். சட்டென்று சூடேற்றினால் தடித்த இடங்களில் ரெசின் தன் வினைச் சூட்டிலேயே கொதித்துக் குமிழி விடும். மெல்ல ஏற்றுவதையே அது கேட்கிறது. 300 வாட் ஸ்ட்ரிப் ஹீட்டர் இரண்டை வாங்கித் தொடராக இணைத்தால் மொத்தம் 150 வாட் கிடைக்கும். ஒவ்வொன்றும் 75 வாட்டில்தான் வேலை செய்யும் என்பதால் சிவக்காது, வருடக்கணக்கில் உழைக்கும்.

150 என்று நான் பிடிவாதம் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. ஹீட்டர் ஆஃப் ஆகாமல் ஒட்டிக்கொண்டால் பெட்டி எங்கே போய் நிற்கும்? 38 டிகிரி வித்தியாசத்துக்கு 80 வாட் என்றால், 150 வாட்டுக்கு 71 டிகிரி. அறைச் சூடு 22 சேர்த்தால் 93. உங்கள் உருப்படி கெடலாம், ப்ளைவுட் எரியாது. இதே கணக்கை 1000 வாட்டுக்குப் போட்டால் 500 டிகிரி வரும். அவ்வளவு தூரம் போக வாய்ப்பில்லை, அதற்கு முன்பே பெட்டி தீப்பிடித்திருக்கும்.

இப்போது அந்தக் கருகின பெட்டி. 90 டிகிரிக்கு வைத்திருந்தேன். ஹீட்டர் தேவைக்கு நாலு மடங்கு. கன்ட்ரோலர் நானே செய்தது, ஒழுங்காகவே ஓடியது. கரண்டை வெட்டிச் சேர்க்க சாலிட் ஸ்டேட் ரிலே, அதாவது எஸ்எஸ்ஆர் போட்டிருந்தேன். மேலே 40 ஆம்ப் என்று எழுதியிருந்த மலிவுச் சரக்கு. இரவு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கும்போது டிஸ்ப்ளேயில் 90. காலையில் ஷட்டரைத் தூக்கினால் கருகின மர வாடை. டிஸ்ப்ளேயில் 168. அவுட்புட் விளக்கு அணைந்திருந்தது. அதாவது கன்ட்ரோலர் இரவெல்லாம் ‘நிறுத்து, நிறுத்து’ என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எஸ்எஸ்ஆர் உள்ளே ஷார்ட் ஆகிக் கிடந்ததால் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. உள்பக்கப் பலகை முழுக்கக் காப்பி நிறம். இரண்டு ஸ்டேட்டர்களின் இன்சுலேஷன் பேப்பர் தொட்டால் பொடியானது. பக்கத்து லேத் கடை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, பேக்கரி ஆரம்பிச்சிட்டியா?” என்றார்.

எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயேதான் சாகும். சாதாரண ரிலேயும் அப்படித்தான், காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூளை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதைக் கேட்காமல் தானாகவே வெட்டும் ஒரு முட்டாள் பொருள் பெட்டிக்குள் இருந்தே ஆக வேண்டும். கேஎஸ்டி301 என்று சின்ன வட்டத் தெர்மோஸ்டாட் கிடைக்கும். உள்ளே இரட்டை உலோகத் தகடு, குறித்த சூட்டில் டப்பென்று திரும்பிக்கொள்ளும். 80 டிகிரிக்கு, சாதாரண நிலையில் காண்டாக்ட் மூடியிருக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். ஹீட்டரைத் தாண்டி வரும் சூடான காற்றின் பாதையில் திருகி வையுங்கள்.

அதை நேராக ஹீட்டர் லைனில் போட்டாலும் வெட்டும். ஆனால் ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும், இரவு முழுக்க இப்படியே வெட்டிச் சேர்த்துக்கொண்டிருக்கும், காலையில் உங்களுக்கு எதுவுமே தெரியாது. அதனால் நான் ஒரு சின்ன கான்டாக்டர் வைக்கிறேன், தன் காயிலில் கரண்ட் இருக்கும்வரை மட்டும் ஹீட்டர் லைனைச் சேர்த்துப் பிடிக்கும் ரிலே அது. அதன் காயில் லைனில் சிவப்பு ஸ்டாப் பட்டன், கேஎஸ்டி, பச்சை ஸ்டார்ட் பட்டன் மூன்றும் தொடராக. பச்சைப் பட்டனுக்கு இணையாக கான்டாக்டரின் துணைக் காண்டாக்ட், பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகும் காயிலைப் பிடித்து வைக்க. மோட்டார் ஸ்டார்ட்டர் பார்த்தவர்களுக்கு இது பழகின வயரிங்தான். ஒரு தடவை வெட்டினால் ஆள் வந்து பச்சையை அழுத்தும்வரை ஹீட்டர் வராது. கரண்ட் போய் வந்தாலும் தானாக ஆரம்பிக்காது. பாதி ராத்திரியில் கரண்ட் போனால் உருப்படி பாதியில் நிற்குமே என்பீர்கள். நிற்கட்டும். பெட்டியில் கொஞ்ச நேரம் சூடு இருக்கும், பிறகு ரெசின் மெதுவாக இறுகும், காலையில் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். ஆளில்லாத ஷெட்டில் ஹீட்டர் தானாக உயிர் பெறுவது எனக்குப் பிடிக்காது.

கான்டாக்டரும் ஒட்டிக்கொண்டால்? அதற்காக ஹீட்டர் பக்கத்தில் ஒரே ஒருமுறை மட்டும் வெட்டும் தெர்மல் ஃப்யூஸ், 113 அல்லது 121 டிகிரி. இதைச் சால்டர் செய்யாதீர்கள், சால்டரிங் சூட்டிலேயே உயிரை விட்டுவிடும், கிரிம்ப் செய்யுங்கள். அலுமினியத் தகட்டுக்கும் ஹீட்டர் உடம்புக்கும் எர்த், முன்னால் கரண்ட் கசிந்தால் வெட்டும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி. எஸ்எஸ்ஆர் ஃபேஸ் வயரில் வர வேண்டும், நியூட்ரலில் அல்ல. பிளக் பாயிண்ட்டில் ஃபேஸ் எந்தப் பக்கம் என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எஸ்எஸ்ஆர் ஆஃபில் இருந்தாலும் சில மில்லி ஆம்ப் கசியவிடும், ஆகவே அதை நம்பி ஹீட்டரைத் தொட வேண்டாம். 230 வோல்ட் வேலையில் பழக்கம் இல்லையென்றால் இந்தப் பகுதியை மட்டுமாவது ஒரு எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

காற்றுக்கு வருவோம். ஃபேன் இல்லாத பெட்டியில் மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் தாராளமாகப் பத்து டிகிரி வித்தியாசம் இருக்கும். கம்ப்யூட்டர் ஃபேன் போடலாம், ஆனால் அதையே 60 டிகிரியில் ஊறப்போட்டால் பேரிங் கிரீஸ் காய்ந்து சில மாதத்தில் கிரீச்சிடும். மோட்டாரை வெளியே வைத்து ஷாஃப்டை மட்டும் உள்ளே விடுவது நல்லது. ஹீட்டர் நேராக உருப்படியைப் பார்க்கக் கூடாது, நடுவே ஒரு தகடு தடுப்பு வேண்டும். சென்சார் எங்கே? ஹீட்டர் பக்கத்திலும் இல்லை, கதவு ஓரத்திலும் இல்லை. பொருளைச் சுற்றிவிட்டுக் காற்று ஃபேனுக்குத் திரும்பும் வழியில். இரண்டாவது சென்சார் ஒன்றை அச்சின் மேலேயே ஒட்டுங்கள். கன்ட்ரோலர் காற்றைப் பார்த்து ஓடட்டும், ஆனால் ‘இத்தனை மணி நேரம் 60-ல்’ என்ற கணக்கு அச்சு அந்தச் சூட்டைத் தொட்ட பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். காற்று 60 ஆகிவிட்டதே என்று டைமரைத் தட்டினால் தடித்த அலுமினிய அச்சு அப்போது 40-ல் இருக்கும்.

சென்சார் எதுவென்றால், 60, 70 டிகிரி வேலைக்கு டிஎஸ்18பி20 போதும். 85 டிகிரிவரை அரை டிகிரிக்குள் சொல்லும், மூன்று வயர், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அதனிடம் இரண்டு குணம் உண்டு. கரண்ட் வந்த உடனே அளக்காமலே 85 என்று சொல்லும். அதைவிட மோசம், வயர் அறுந்தால் ஆர்டுயினோவில் வழக்கமாகப் பயன்படுத்தும் லைப்ரரி மைனஸ் 127 என்று கொடுக்கும். யோசிக்காமல் எழுதின புரோகிராம் இதைப் பார்த்து, ‘ஐயோ, பெட்டி உறைந்துவிட்டதே’ என்று ஹீட்டரை முழு வேகத்தில் போட்டுவிடும். 0க்குக் கீழும் 110க்கு மேலும் எது வந்தாலும் சென்சார் பழுது என்று வைத்து ஹீட்டரை நிறுத்துங்கள்.

எங்களைப் போல 100க்கு மேல் போகிறவர்களுக்கு கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு வேறு உலோக வயர்களை நுனியில் இணைத்த சென்சார்) அல்லது பிடி100 (பிளாட்டினம் சென்சார்). தெர்மோகப்பிளை வெறும் செம்பு வயர் போட்டு நீட்டினால் அளவு தப்பும். பிளஸ், மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்தாலோ சூடு ஏற ஏற அளவு இறங்கும், கன்ட்ரோலர் இன்னும் இன்னும் என்று ஹீட்டரை அழுத்தும். இதற்கும் சேர்த்து ஒரு விதி எழுதிவிடுங்கள்: பத்து நிமிடம் முழுச் சக்தி கொடுத்தும் இரண்டு டிகிரிகூட ஏறவில்லையென்றால் எல்லாவற்றையும் நிறுத்து. 3டி பிரிண்டர்களில் இருப்பதும் இதே காவல்தான். அப்புறம் வாட்ச்டாக். ஆர்டுயினோ யுனோவின் சிப்பில் அது அதிகபட்சம் 8 வினாடி. புரோகிராம் எங்கேயாவது மாட்டிக்கொண்டு நின்றால் சிப்பை மறுபடி துவக்கிவிடும்.

அளவு சரிதானா என்று பார்க்க, நொறுக்கின ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கினால் 0. அடுத்தது கொதிக்கும் தண்ணீர். இங்கேதான் பெங்களூர்க்காரர்கள் ஏமாறுவார்கள். நாம் கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டரில் இருக்கிறோம். நம் ஊரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் பார்த்த 100-ஐ இங்கே எதிர்பார்த்து, நல்ல சென்சாருக்கு மூன்று டிகிரி திருத்தம் போட்ட ஆட்களை எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்.

சரி, மூளைக்கு வருவோம். சூட்டைச் சீராகப் பிடிக்கும் வழிக்கு பி, ஐ, டி என்று மூன்று எழுத்தில் பிஐடி என்று பெயர், கணக்கைக் கண்டு மிரள வேண்டாம். தோசைக்கல்லில் நிற்பவர் செய்வதுதான். கல் ஜில்லென்று இருந்தால் அடுப்பைத் தூக்கிவைப்பார், பதம் நெருங்க நெருங்கத் தணிப்பார். கல் புகையும்வரை காத்திருந்து அணைப்பதில்லை. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தீ என்பது முதல் எழுத்து. 50 டிகிரிவரை முழுச் சக்தி, 60-ல் பூஜ்யம், நடுவே படிப்படியாக என்று பத்து டிகிரிப் பட்டை வையுங்கள். ஊஞ்சல் நின்றுவிடும், ஆனால் பெட்டி 60-க்கு வராது. 60-ஐத் தாங்கிப்பிடிக்க 53 சதவீதச் சக்தி வேண்டும், 60-ல் கிடைப்பதோ பூஜ்யம், ஆகவே 55 டிகிரிக்குச் சற்று மேலேயே உட்கார்ந்துவிடும். இந்த மீதிக் குறையை நேரம் போகப் போகக் கூட்டிக் கூட்டி நிரப்புவது இரண்டாவது எழுத்து. மூன்றாவதை விட்டுவிடுங்கள். இவ்வளவு மந்தமான பெட்டிக்கு அது தேவையில்லை, சென்சாரின் சின்னச் சின்ன நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் மிச்சம்.

இரண்டாவது எழுத்தில் ஒரு வம்பு உண்டு. சூடேறும் முக்கால் மணி நேரமும் குறை, குறை என்று அது கூட்டி வைத்துக்கொள்ளும். 60 வந்த பிறகும் அந்தப் பழைய கணக்கைத் தீர்க்க ஹீட்டரை ஓட்டி 68வரை கொண்டுபோய்விடும். ஐந்து டிகிரி நெருக்கத்துக்கு வரும்வரை அந்தக் கூட்டலை ஆரம்பிக்கவே விடாதீர்கள். எண்களைப் பிடிக்க ஜீக்லர், நிக்கல்ஸ் இருவரும் 1942-ல் சொன்ன வழியே போதும். இரண்டாவதை அணைத்துவிட்டு, பெட்டி ஒரே சீராக ஆட ஆரம்பிக்கும்வரை பட்டையைக் குறுக்கிக்கொண்டே வாருங்கள். அந்தப் பட்டையை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அகலமாக்குங்கள். ஒரு ஆட்டத்துக்கு எத்தனை நிமிடமோ அதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல் இரண்டாவது எழுத்தின் நேரம். எபாக்ஸிக்கு நான் இதையும் இன்னும் கொஞ்சம் சோம்பேறித்தனமாக வைப்பேன்.

53 சதவீதச் சக்தியை எப்படிக் கொடுப்பது? நேரத்தை இரண்டிரண்டு வினாடியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 1.06 வினாடி ஆன், மீதி ஆஃப். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், இரண்டு வினாடியில் 200 அரைச் சுற்றுகள். வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும்போது மாறும் வகை எஸ்எஸ்ஆர் அரை அரைச் சதவீதமாகக் கொடுத்துவிடும். இந்த வேலைக்குக் காண்டாக்ட் உள்ள சாதாரண நீலப் பெட்டி ரிலேயைப் போடாதீர்கள். லோடில் அதன் ஆயுள் பொதுவாக ஒரு லட்சம் தடவை. பத்து வினாடிக்கு ஒருமுறை என்றால்கூட நாளைக்கு 8640. பன்னிரண்டே நாளில் முடிந்துவிடும். எஸ்எஸ்ஆரில் உங்களுக்கு ஓடப்போவது 0.65 ஆம்ப், ஒரு அலுமினியத் துண்டில் திருகினால் போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் வாங்கும்போது ஒரிஜினலா என்று கேட்டுப் பிரயோசனமில்லை, அங்கே எல்லாமே ஒரிஜினல்தான். மேலே எழுதியிருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டாதீர்கள்.

ரெடிமேட் பிஐடி கன்ட்ரோலர் வாங்கினால் என்ன என்று கேட்டால், வாங்கலாம், தப்பே இல்லை. ரிலே அவுட்புட்டா எஸ்எஸ்ஆர் அவுட்புட்டா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். சொந்தமாகச் செய்வதில் லாபம், முதலில் 40-ல் ஒரு மணி நேரம், பிறகு நிமிடத்துக்கு அரை டிகிரியாக 60 என்று உங்கள் ரெசினின் அட்டவணைப்படி ஓட்டலாம், நிமிடத்துக்கு நிமிடம் எழுதியும் வைக்கலாம். எதை வைத்தாலும் சரி, கன்ட்ரோலருக்கும் ஃபேனுக்கும் கரண்ட் கான்டாக்டருக்கு முன்னாலேயே எடுங்கள். வெட்டின பிறகும் ஃபேன் சுற்ற வேண்டும், டிஸ்ப்ளே எரிய வேண்டும். சென்சார் வயரை ஹீட்டர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். தின்னர், அசிட்டோன் ஈரம் காயாத எதையும் இந்தப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், ஆவி நிறைந்த மூடின பெட்டிக்கு ஒரு பொறி போதும்.

முதல் ஓட்டம் காலிப் பெட்டியில். 60 வந்து நின்றதும் சென்சார் பிளக்கை உருவுங்கள். ஹீட்டர் உடனே நிற்க வேண்டும். அடுத்து எல்லாக் கரண்டையும் அணைத்துவிட்டு, எஸ்எஸ்ஆரின் இரண்டு அவுட்புட் முனைகளையும் நல்ல இன்சுலேஷன் உள்ள வயரால் ஷார்ட் செய்து, மூடி போட்டு, மறுபடி ஆன் செய்து பச்சையை அழுத்துங்கள். எஸ்எஸ்ஆர் செத்துப்போன இரவை நீங்களே பகலில் நடத்திப் பார்க்கிறீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், ஒன்றரை மணி நேரம்கூட ஆகலாம். கான்டாக்டர் டொக்கென்று விழும்போது டிஸ்ப்ளேயில் என்ன எண் இருந்தது என்று பார்த்து, அதைத் தேதியோடு கதவின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வையுங்கள். பிறகு கரண்டை அணைத்து அந்த வயரைக் கழற்றிவிடுங்கள். கழற்றினதை ஒருமுறை மல்டிமீட்டர் வைத்தும் பார்த்துவிடுங்கள்.